பிள்ளையார் கதவில் தொங்கிய கம்பளி

ஓக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் பஜனை வைப்பார்கள். கோயில் கட்டும் பேச்சு பேச்சாகவே இருந்த காலம். ஒரு வெள்ளி, பஜனை பாதியில் இருக்கும்போது மழை அடித்துப் பெய்தது. வாசலில் கழற்றி விட்ட செருப்பும் சப்பாத்தும் வெட்டவெளியில் கிடந்தன. எல்லாருக்கும் அது நினைவு வந்துதான் இருக்கும். ஆனால் பாட்டின் நடுவில் எழும்ப எவருக்கும் மனம் வரவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு மனிதர் மட்டும் சத்தமில்லாமல் எழும்பி வெளியே போனார். திரும்பி வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பழைய இடத்திலேயே இருந்து, விட்ட இடத்திலிருந்து தாளம் போடத் தொடங்கினார்.

பஜனை முடிந்து வெளியே வந்தவர்கள், செருப்புகள் கூரைக்குக் கீழே சோடி சோடியாக இருப்பதைக் கண்டு, பள்ளிக்கூடத்துக் காவலாளி நல்ல மனிதன் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். பெண்கள் பக்கம் இருந்த இராசமலருக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த நனைந்த முதுகை அவள் பார்த்திருந்தாள். அவளுடைய செருப்பைத் தண்ணீர் வடியட்டும் என்று கவிழ்த்துக்கூட வைத்திருந்தார் அந்த மனிதர்.

விசாரித்தபோது, அவர் பெயர் முன்சாமி என்றும், பிஜித் தீவுக்காரர் என்றும், பென்ரோஸ் பக்கத்தில் குளிர்ப்பெட்டியும் ஹீற்றரும் திருத்துகிற வேலை என்றும் சொன்னார்கள்.

கரும்பு வெட்டப் பிஜிக்குக் கப்பலேறிப் போன தமிழாட்களின் வழியில் வந்தவர் முன்சாமி. வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. பிஜியில் ஐஸ் செய்கிற தொழிற்சாலையில் கூட்டித் துடைக்கப் போனவர், அங்கிருந்த யந்திரங்களோடு பழகிப் பழகி அதையே தொழிலாக்கிக்கொண்டார். ஓக்லாந்துக்கு வந்து பதினைந்து வருடத்துக்குக் கிட்ட ஆகியிருந்தது. வீட்டில் மனைவி பிம்லாவோடு இந்தி, பிள்ளைகளோடு இங்கிலீசு. தமிழ், தகப்பன் பாடிய மாரியம்மன் பாட்டுகளில் இருந்து எடுத்துச் சேர்த்துக்கொண்ட தமிழ். அதனால் சொல்லைத் தேடித் தேடித்தான் பேசுவார். ஊரார் வீடுகளுக்கெல்லாம் சூடு ஏற்றிக் கொடுக்கிறவர், தன் வீட்டில் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பார் என்று பிம்லா பஜனைக்கு வருகிற பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இராசமலருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கலியாணம் முடிக்கவில்லை. ஊரில் கலவரம் முற்றிய பிறகு, தம்பி தியாகலிங்கம் அவளை இங்கே அழைத்துக்கொண்டான். தம்பிக்குப் பென்ரோஸில் ஒரு பண்டகசாலையில் வேலை. அவனும் மனைவி ரதிதேவியும் இராசமலரும் பக்குரங்காவில் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

அந்த வீடு மற்ற வீடுகள் போல இல்லை. முன்பு அதில் இருந்த சொந்தக்காரர் அமெரிக்காவில் நெடுங்காலம் வேலை பார்த்தவராம். அங்கத்தைய வழக்கப்படி முழு வீட்டுக்கும் சூடு தருகிற ஒரு ஹீற் பம்பை வரவழைத்துப் பூட்டியிருந்தார். வெளியே சுவரோரம் ஒரு பெரிய இரும்புப் பெட்டி. தரைப் பலகைக்குக் கீழே இன்னொரு பெட்டி. அதிலிருந்து பெருங்குடல் சிறுகுடல் போலக் குழாய்கள் ஓடி, ஒவ்வொரு அறையின் தரையிலும் உள்ள கம்பிச் சட்டத்தின் வழியாக வெதுவெதுப்பான காற்றை ஊதும். குளிருக்கு நடுங்கி வந்த இராசமலருக்கு அந்தக் காற்று பெரிய வரமாக இருந்தது.

இன்னொரு வரமும் அந்த வீட்டில் இருந்தது. அறைகளுக்கு நடுவே போகிற ஓடையில், துணி அடுக்குகிற ஒரு அலுமாரி. அதன் கதவுகள் சாய்சாய்ப் பலகைகளால், இடையிடையே சந்து விட்டுச் செய்தவை. இராசமலர் அதைச் சுவாமி அறையாக்கினாள். மேல் தட்டில் முருகனும் அம்மனும் படங்களாக. நடுத் தட்டில் ஊரிலிருந்து சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த பித்தளைப் பிள்ளையார். அடியில், தரையோடு சேர்ந்து, ஒரு அகலமான கம்பிச் சட்டம். அது ஏதோ பழைய காலத்துச் சாமான் என்று நினைத்து, அதன் மேல் ஒரு சிறு முக்காலியை வைத்து விளக்கை அதில் ஏற்றினாள்.

அந்தச் சுவாமி அறையில் ஓர் அதிசயம் இருந்தது. அங்கே சாம்பிராணி போட்டால் புகை மேலே போகாது. கீழே இறங்கி மறைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அடுப்படி, படுக்கையறை, குளியலறை எல்லாம் மணக்கும். விளக்குச் சுடரும் யாரையோ கும்பிடுவதுபோலக் கீழ்நோக்கிக் குனிந்தே எரியும். பிள்ளையார் வீடு முழுக்க உலாப் போகிறார் என்று இராசமலர் உள்ளுக்குள் பூரித்துப் போவாள்.

எண்பத்தெட்டாம் ஆண்டுக் குளிர்காலத் தொடக்கத்தில் ரதிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மாதம் நிறைய முன்பே பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற தலை. டொக்டர்மார் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைக்கும் என்றும் சொல்லவில்லை, பிழைக்காது என்றும் சொல்லவில்லை. ரதி வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, பால் கட்டி, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள்.

பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தொன்று கழியும்வரை துடக்கு. சுவாமிக்கு விளக்கு வைப்பதில்லை, கிட்டப் போவதில்லை. ஊரில் என்றால் சுவாமி அறைக் கதவைப் பூட்டிவிட்டால் முடிந்தது. இங்கே கதவோ சந்து சந்தாக இருந்தது. போகிற வருகிறவர்களின் கண் உள்ளே படும். இராசமலர் வீட்டில் இருந்ததிலேயே தடித்த கம்பளியை எடுத்து, கதவின் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை தொங்கவிட்டு, நான்கு பக்கமும் ஆணி அடித்தாள். அடித்துவிட்டு, வெளியே நின்றபடியே நேர்ந்துகொண்டாள். "பிள்ளையாரே, முப்பத்தொன்றுக்கு முன்னம் இந்தத் திரை திறக்காது. நான் துடக்குக் காக்கிறன். நீர் பிள்ளையைக் காத்துத் தாரும்."

அன்று பின்னேரமே கம்பளி கதவோடு இறுகி ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பலகையின் வரியும் கம்பளியில் தெரிந்தது. உள்ளே இருந்து யாரோ இழுத்துப் பிடித்திருப்பதுபோல. இராசமலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. நேர்த்தியை அவர் ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நம்பினாள். அடுத்த நாள் ஆசுபத்திரியில் பிள்ளைக்கு மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று தியாகலிங்கம் வந்து சொன்னபோது, அந்த நம்பிக்கை கல்லாகிவிட்டது.

அதே நாளில் இருந்துதான் ஹீற் பம்ப் குழம்பத் தொடங்கியது. ஆனால் அப்போது குளிர் கடுமையில்லை. வெளிப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு நிற்கும் என்று தியாகலிங்கம் கண்டுபிடித்தான். காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம் அமுக்கிக்கொண்டான். பிள்ளை வீட்டுக்கு வந்த கிழமை தெற்கிலிருந்து குளிர்காற்று அடிக்கத் தொடங்கியபோதுதான் கலவரப்பட்டார்கள். இராசமலர், பஜனையில் கண்ட நனைந்த முதுகை நினைத்து, முன்சாமிக்குப் போன் பண்ணச் சொன்னாள்.

முதல் தரம் வந்தபோது முன்சாமி வெளிப் பெட்டியைப் பார்த்தார். அதன் தகட்டுச் செட்டைகளில் வெண்பனி பிடித்திருந்தது. தண்ணீர் விட்டுக் கழுவினார். தரைக்குக் கீழே தவழ்ந்து போய் உள்ளே இருந்த பெட்டியையும் திறந்து பார்த்தார். தூசியைப் பிடிக்கிற பில்டர் வைக்கிற இடம் காலியாக இருந்தது.

"ஃபில்டரே இல்ல. அப்போ காத்துக்குத் தடை இல்ல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். காற்று திரும்பி உள்ளே போகிற வழி எங்கே என்று வீட்டுக்குள் தேடினார். நடு ஓடையில் தொங்கிய கம்பளியைக் கண்டு, "இது என்ன, தங்கச்சி?" என்றார்.

"சுவாமி அறை, அண்ணை. துடக்கு. இப்ப திறக்கிறேல்லை."

"தீட்டா? சரி சரி. நம்ம வீட்டிலயும் உண்டு." அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகி நடந்தார். அதற்குமேல் அங்கே பார்க்கவில்லை. யந்திரத்துக்குள் சுற்றுகிற காஸ் குறைந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, காஸை ஏற்றிவிட்டுப் போனார். அன்று இரண்டு மணித்தியாலம் ஓடியது. பிறகு முன்னைவிடக் கெதியாக நின்றது.

அடுத்த நாள் பிள்ளைகளைப் பார்க்க வருகிற நேர்ஸ் வந்தாள். பிள்ளையை நிறுத்துப் பார்த்தாள், கையைக் காலைத் தொட்டாள். சுவரில் இருந்த சூடு காட்டுகிற முள்ளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. வீட்டில் ஒரு சின்னக் கம்பி ஹீற்றர் இருந்தது. அதைத் தொட்டிலுக்குக் கிட்ட வைக்கக் கூடாது என்றாள். தள்ளி வைத்தாலோ அதன் சூடு தொட்டில்வரை வரவில்லை. நாளைப் பின்னேரம் திரும்ப வருவேன், அப்போதும் இந்த அறை இப்படியே இருந்தால் பிள்ளையை ஆசுபத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரதி பிள்ளையைச் சட்டைக்குள் விட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து தொட்டிலில் போடவே இல்லை.

மறுநாள் மத்தியானம் கழிந்து முன்சாமியின் வான் வந்து நின்றது. தியாகலிங்கம் வேலைக்குப் போயிருந்தான். மழைக் கோட்டைக் கழற்றிக்கொண்டே முன்சாமி இராசமலரிடம் கேட்டார்.

"சிவப்பு பட்டன் எத்தனை தடவை அமுக்கினீங்க?"

"தெரியேல்லை, அண்ணை. நிக்க நிக்க அமுக்கினம்."

"இனி அமுக்கக் கூடாது. கம்ப்ரசர் தன்னைத்தான் காப்பாத்திக்க நிக்குது. இன்னும் ரெண்டு மூணு தடவை இப்பிடிப் போனா எரிஞ்சு போயிடும். இதுக்குப் பார்ட் இந்த ஊர்ல இல்ல. அமெரிக்காலேருந்து வரணும்."

"வர எவ்வளவு காலம் செல்லும்?"

"குளிர்காலமே முடிஞ்சிடும்."

உள்ளறையில் இருந்து ரதியின் குரல் வந்தது. "மச்சாள், அவருக்கு நேர்ஸ் வாறதைச் சொன்னனீங்களோ?"

"சொல்லிப்போட்டன், பிள்ளை."

முன்சாமி வெளிப் பெட்டியில் இரண்டு கடிகாரம் போன்ற அளவுமானிகளைப் பூட்டினார். பொத்தானை ஒரே ஒரு தரம் அமுக்கினார். யந்திரம் உறுமிக்கொண்டு தொடங்கியது. சிவப்பு வட்டத்துக்குள் இருந்த முள் ஏறியது, ஏறியது, நிற்காமல் ஏறியது. இராசமலர் குடையைப் பிடித்துக்கொண்டு அவர் தோளுக்கு மேலால் பார்த்தாள். முள் மேலே போகப் போக அவர் கை விசைக்குக் கிட்டப் போனது. தானாக நிற்கும் முன் அவரே யந்திரத்தை நிறுத்தினார்.

"நான் போன தடவை காஸ் ஏத்தினது தப்பு" என்றார். மழைத்தண்ணி அவர் மூக்கில் இருந்து சொட்டியது. "குறைச்சல் இல்ல. இது வேற. சூடு உண்டாவுது, போறதுக்கு வழி இல்ல. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடற மாதிரி. எங்கயோ காத்து அடைபட்டிருக்கு."

மறுபடி தரைக்குக் கீழே இறங்கினார். வீட்டின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. அதற்குள் தவழ்ந்துதான் போக வேண்டும். இராசமலர் மேலே ஓடையில் நின்றாள். கீழே அவர் அசைகிற சத்தம் பலகையின் ஊடாகக் கேட்டது. ஒரு அறைக்குக் கீழே போனது, நின்றது, திரும்பியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. தெருவில் ஒரு கார் வந்தபோது, நேர்ஸாக இருக்குமோ என்று அவள் யன்னலுக்கு ஓடிப் பார்த்தாள். இல்லை.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் கேட்டது. தொம், தொம், தொம்.

சத்தம் வந்தது சுவாமி அறையில் இருந்து.

கம்பளியின் உள்ளே, பிள்ளையாரின் காலடியில் இருந்து யாரோ தட்டினார்கள். மறுபடி மூன்று தரம். ரதியும் பிள்ளையோடு கதவடிக்கு வந்துவிட்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

கீழேயிருந்து முன்சாமியின் குரல், கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வந்தது. "தங்கச்சி! சத்தம் எங்க கேக்குது?"

அவள் கம்பளிக்குக் கிட்டக் குனிந்து குரல் கொடுத்தாள். "பிள்ளையாருக்குக் கீழை, அண்ணை."

கீழே அவர் பின்பக்கக் கதவை நோக்கித் தவழ்கிற சத்தம் கேட்டது.

அவர் வீட்டுக்குள் வந்தபோது முழங்காலில் இருந்து நெஞ்சுவரை சேறு. ஓடையின் நுனியிலேயே நின்றுகொண்டார். அங்கிருந்தே பேசினார். வீட்டுக் காற்றெல்லாம் திரும்பிப் போகிற பெரிய குழாய், சுவாமி அலுமாரியின் அடியில்தான் வந்து முடிகிறது. அங்கே ஒரு கம்பிச் சட்டம் இருக்க வேண்டும். வீடு முழுக்க மூச்சு இழுப்பது அதன் வழியாகத்தான்.

"இருக்கு" என்றாள் இராசமலர். "விளக்கு வைக்கிற முக்காலிக்குக் கீழை."

"சாம்பிராணி போட்டா வீடெல்லாம் மணக்குமா?"

"ஓம்." அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போதே, காற்றின் வழியைத் தன் கம்பளிதான் அடைத்து வைத்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிட்டது. நிலத்தைப் பார்த்தாள்.

ரதிக்கும் விளங்கியது. பெற்ற உடம்பின் களைப்பும் பயமும் சேர்ந்து அவள் வாயில் வெடித்தது. "மச்சாள், வீட்டிலை இருக்கிற நல்ல கம்பளி பிள்ளையாருக்கு. என்ர பிள்ளைக்குக் குளிரோ?"

"ரதி, அப்பிடிக் கதையாதை."

"பின்னை எப்பிடிக் கதைக்க? அவருக்குக் குளிருதெண்டு அவர் சொன்னவரோ?"

"நேர்த்தி, ரதி. பிள்ளை பிழைக்க வேணுமெண்டு செய்த நேர்த்தி. முப்பத்தொன்றுக்கு இன்னும் நாள் கிடக்கு. நான் திறந்து, பிள்ளைக்கு ஏதும்..." முன்சாமியைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணை, உங்களுக்குத் துடக்கில்லை. நீங்கள் திறவுங்கோ. கை கால் கழுவிப்போட்டுத் திறவுங்கோ."

முன்சாமி தலையை ஆட்டினார். "நான் தொட மாட்டேன், தங்கச்சி. மத்தியானம் வழியில, மாவுக்குள்ள கறி வச்சுச் சுடுவாங்களே, அந்தப் பை சாப்பிட்டுட்டேன். மாட்டுக்கறி இல்ல, ஆட்டுக்கறிதான். ஆனாலும் கறி கறிதானே."

வேறு நேரமென்றால் இராசமலர் சிரித்திருப்பாள். இப்போது அழுகை வரப் பார்த்தது. துடக்குக்காரி ஒருத்தி, கறி தின்றவர் ஒருவர், நடுவில் மூடிய கதவு. ரதி வெறுப்போடு, "வேலையிலை இருக்கிற இவரிட்டைப் போன் பண்ணிக் கேக்கட்டோ?" என்றாள்.

"வேண்டாம்" என்றாள் இராசமலர். "தம்பி நேரேல்லை. நான்தான் நேர்ந்தனான்."

அவள் ரதியிடம் போய், சட்டைக்குள் கையை விட்டுப் பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். வெண்டிக்காய் நுனி அளவு பாதம், ஈரத்துணிபோலக் குளிர்ந்திருந்தது. பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. வாயை மெல்லத் திறந்து திறந்து மூடியது.

இராசமலர் குளியலறைக்குப் போய்த் தலையில் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரச்சேலையோடு வந்தாள். அந்தக் குளிரில் பல் கிட்டியது. ஆணிகளைக் கழற்றினாள். கம்பளியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வெளிப் பெட்டி நின்றிருந்தாலும் உள்ளே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. கம்பளி கதவோடு இறுகி, அவள் இழுக்க இழுக்க அதுவும் இழுத்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"பிடிச்சிருக்கிறார், அண்ணை. விடுகிறார் இல்லை."

முன்சாமி அவளைத் திருத்தவில்லை. "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லி, சுவரில் இருந்த சூட்டு விசையைத் திருப்பிக் காற்றாடியை நிறுத்தினார். உறுமல் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கியது. வீடு அமைதியானது. கம்பளி தானாகத் தளர்ந்து, கதவை விட்டு விலகி, மடங்கி நிலத்தில் விழுந்தது.

"விட்டுட்டாரு பாருங்க" என்றார் முன்சாமி மெதுவாக.

இராசமலரின் கண்ணில் நீர் தளும்பியது. அது பிள்ளையாரின் கை இல்லை என்று அவளுக்கு இப்போது தெரியும். அப்படியிருந்தும், அவர் சொன்னது பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

முன்சாமி காற்றாடியைத் திரும்பப் போட்டு, வெளியே போய் யந்திரத்தை ஓட விட்டு முள்ளைப் பார்த்தார். யன்னலடியில் நின்று குரல் கொடுத்தார். "முன்னைக்கு மெதுவா ஏறுது. ஆனா ஏறுது. இன்னும் அடைப்பு இருக்கு, தங்கச்சி. கதவையும் திறக்கணும்."

திரை விலக்கியதோடு போகும் என்று அவள் நினைத்திருந்தாள். யன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. நேர்ஸ் எந்நேரமும் வரலாம். இராசமலர் கண்ணை மூடிக்கொண்டு, "என்னைச் செய்யிறதைச் செய்யும், பிள்ளையை விடும்" என்று வாய்விட்டே சொல்லிக் கதவைத் திறந்தாள்.

பிள்ளை பிறந்த அன்று வைத்த செவ்வந்திப் பூக்கள் காய்ந்து, முக்காலியைச் சுற்றிக் கம்பிச் சட்டத்தில் ஒட்டிக் கிடந்தன. பிள்ளையார் வழக்கம்போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு இருந்தார்.

முன்சாமி ஓடைக்கு வந்து, சுவாமி அறைக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார். அப்படி நின்றபடியே சொல்லிக் கொடுத்தார்.

"முக்காலியை எடுங்க. கம்பியைத் தூக்குங்க. ரெண்டு பக்கமும் சின்னக் கொக்கி இருக்கும். இருக்கா?"

"ஒரு பக்கம் இருக்கு. மற்றப் பக்கம் உடைஞ்சு போச்சு."

"அப்போ சுலபம். உள்ளே ஒரு சட்டத்தில பஞ்சு மாதிரி இருக்கும். ஓரத்தைப் பிடிச்சுத் தூக்குங்க. மெதுவா."

அவள் தூக்கினாள். வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது அடுப்புச் சட்டியின் அடிபோலக் கறுத்திருந்தது. இரண்டு வருடச் சாம்பிராணி, கற்பூரப் புகை, திருநீற்றுத் தூள், பூவிதழ். எல்லாம் படிந்து தோசை போலத் தடித்திருந்தது. பெட்டியில் காணாத பில்டர் இங்கேதான் இருந்தது. பின்னால் நீட்டிய முன்சாமியின் கையில் அதை வைத்தாள். அவர் திரும்பிப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு உடுப்புத் தோய்க்கிற தொட்டிக்குப் போனார். அதைக் கண்டதும் அவரிடமிருந்து ஒரு சீழ்க்கை வந்தது.

"அம்மாடி. இதில திருநீறு எடுத்து ஊருக்கே பூசலாம்."

ரதி முதல் தரமாகச் சிரித்துவிட்டாள். சிரித்ததும் அழுதுவிட்டாள்.

தொட்டியில் கறுப்புத் தண்ணீர் ஓடி ஓடி, சாம்பலாகி, தெளிந்தது. துவாயில் ஒற்றி, ஈரம் போகத் தட்டிக் கொடுத்தார். இராசமலர் அதைத் திரும்ப வைத்தாள், பூச்சருகைப் பொறுக்கினாள், கதவைச் சாத்தினாள். கதவுச் சந்துகளை மூட இந்த முறை எதையும் போடவில்லை. முன்சாமி வெளியே போய், தான் ஏற்றிய காஸைச் சீறச் சீற வெளியே விட்டார். பிறகு ஓட விட்டார்.

இராசமலர் குடையை மறந்துவிட்டு மழையில் அவர் பக்கத்தில் நின்றாள். முள் ஏறியது. முன்பு நிறுத்திய இடத்துக்குக் கிட்டப் போனது. அவர் விரல் விசைமேல் இருந்தது. முள் நடுங்கியது. அங்கேயே நின்றது. பிறகு அசையவில்லை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாய்க்குள் பிள்ளையாரின் பெயர்களைச் சொல்லிச் சொல்லி முடித்து மறுபடி முதலில் இருந்து தொடங்கினாள்.

"மச்சாள்!" என்று உள்ளே இருந்து ரதி கத்தினாள். "சூடு வருது! சாம்பிராணி மணக்குது!"

துடக்கு வீட்டில் சாம்பிராணி மணப்பதா என்று இராசமலருக்கு ஒரு கணம் திடுக்கிட்டது. குழாய்களில் படிந்திருந்த பழைய மணம் அது.

நேர்ஸ் வந்தபோது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த முள்ளைப் பார்த்தாள், பிள்ளையின் உடுப்பைக் கழற்றிக் கையைக் காலைத் தொட்டாள், கையைத் தூக்கிக் கமக்கட்டில் சூடு பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு பிள்ளைக்கு உடுப்பைப் போட்டு ரதியின் கையிலேயே கொடுத்தாள். இங்கேயே இருக்கட்டும், நாளைக்கு ஒருதரம் வந்து பார்க்கிறேன் என்றாள். போகும்போது ஓடையில் மூக்கை உறிஞ்சி, இது என்ன நல்ல வாசனை என்று கேட்டாள். இராசமலர் சிரித்து வைத்தாள்.

முன்சாமி சாமான்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது, அவள் அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோனாள். தம்பி வந்ததும் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா போட்ட கம்பளியால் பிள்ளைக்குக் குளிர் பிடித்தது என்று அவன் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லமாட்டான். ஆனால் நினைப்பான்.

அவள் முகத்தைப் பார்த்து அவர் கண்டுகொண்டார். "நான் தம்பிக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன். காஸ் அதிகமா ஏத்தினேன், ஃபில்டர் அடைச்சிருந்தது, ரெண்டும் சரி பண்ணிட்டேன்னு. என் தப்பை நான் சொல்லணும். உங்களது உங்களுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில. நான் சுவத்தைத்தானே பார்த்துக்கிட்டு நின்னேன்? நான் ஒண்ணும் பாக்கல."

அன்று இரவே அவர் தியாகலிங்கத்துக்கு அப்படித்தான் சொன்னார். ரதியும் அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. முப்பத்தொன்று கழிந்து வீடு கழுவி, விளக்கேற்றிய அன்று, இராசமலர் பிள்ளையைத் தன் மடியில் வைத்து, பிள்ளையாரின் முன்னால் நெடுநேரம் இருந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போய் இருந்தாள். கேட்கத் தோன்றவில்லை. பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

முன்சாமி அதன் பிறகும் இடைக்கிடை வந்து யந்திரத்தைப் பார்ப்பார். வரும் நாட்களில் மத்தியானம் கறி தின்பதில்லை என்று பிம்லா சொல்லித்தான் இராசமலருக்குத் தெரியும். தரைக்குக் கீழே தவழ்ந்து தவழ்ந்து அவருடைய முழங்கால்கள் போய்விட்டன. பிஜியில் அரசாங்கத்தைக் கவிழ்த்த வருடம் அவருடைய தம்பி குடும்பத்தோடு பிறிஸ்பேனுக்குப் போயிருந்தான். அங்கே வெயில், முழங்காலுக்கு நல்லது, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

எண்பத்தொன்பதாம் ஆண்டின் கடைசியில் முன்சாமியும் பிம்லாவும் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். பிள்ளை அப்போது கதிரையைப் பிடித்துப் பிடித்து நடந்து திரிந்தது. அவருடைய சப்பாத்து ஒன்றை வாசலில் இருந்து இழுத்து வந்து ஓடையில் போட்டது. ரதி மறுபடி பிள்ளை வயிற்றோடு இருந்தாள். நாள் நெருங்கியிருந்தது. பிம்லா அவள் வயிற்றைத் தடவிப் பார்த்து, இதுவும் பெண்தான் என்று அடித்துச் சொன்னாள்.

முன்சாமி சுவாமி அறைக்கு முன்னால் நின்று கும்பிட்டார். அன்றுதான் அவர் அந்தப் பிள்ளையாரின் முகத்தை நேராகப் பார்த்தார். இராசமலர் திருநீறு கொடுத்தாள். பூசிக்கொண்டு, கீழே இருந்த கம்பிச் சட்டத்தைக் குனிந்து பார்த்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

இராசமலர் வாசல்வரை வந்தாள். வான் ஏற்கெனவே விற்றாகிவிட்டது. அன்றைக்கு யாரோ காரில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அந்த நாளுக்குப் பிறகு அவரைக் காண அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. கார்க் கதவைத் திறந்தவர், எதையோ மறந்தவர்போல, அதை மூடிவிட்டுத் திரும்பி வந்தார்.

"அடுத்த பிள்ளை பொறந்ததும் மறுபடி தீட்டு வருமில்ல?" என்றார். "திரை போடுங்க. போடாம இருக்காதீங்க. ஆனா மெல்லிசாப் போடுங்க, கீழ ஒரு சாண் விட்டுப் போடுங்க. அவரும் மூச்சு விடணுமில்ல, தங்கச்சி."